மீனுக்கு நாள் குறிக்கும் ஊர்

தாய்மீனை நனைந்த துணியில் கிடத்தியதும் முதலில் வேலை செய்வது விரல்கள்தான். வயிற்றை மெல்ல வருடிப் பார்க்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் சினை முற்றிவிட்டது. இறுகலாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. கழிவுத் துளை சிவந்து தடித்திருக்க வேண்டும். ஆண்மீன் என்றால் தோள் துடுப்பைத் தடவ வேண்டும். உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் நல்லது. அடிவயிற்றை லேசாக அழுத்தினால் பால் போன்ற திரவம் எட்டிப் பார்க்கும். ஜாதகப் பொருத்தம் அவ்வளவுதான். பிறகு ஊசி, பிறகு வட்டத் தொட்டி, பிறகு விடியும்வரை காத்திருத்தல்.

ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையின்போதும் இந்தியாவின் ஆயிரக்கணக்கான மீன் பண்ணைகளில் இந்தச் சடங்கு நடக்கிறது. ரோகு, கட்லா போன்ற மீன்களுக்கு விரல் தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. கிலோவுக்கு இரண்டு லட்சம் முட்டை போடும் மீன். ஒன்று கைவிட்டால் பக்கத்துக் குளத்தில் இன்னொன்று இருக்கிறது. ஆனால் பிடித்து வைத்திருக்கும் மீன், அதன் இனத்தின் கடைசிச் சில நூறுகளில் ஒன்றாக இருந்தால்? அப்போது விரலை மட்டும் நம்ப முடியுமா? பெங்களூரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஒரு பழைய ஏரிக்கரை இந்தக் கேள்வியை யோசிக்கப் பொருத்தமான இடம்.

ஹெசரகட்டா பெங்களூர் மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. சந்ததி உற்பத்திக்கென்றே நேர்ந்துவிட்ட ஊர் போலிருக்கிறது. ஒரு பக்கம் மத்திய கோழிப் பண்ணை. இன்னொரு பக்கம் பொலிகாளைகளின் உறைவிந்து நிலையம். தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான். தமிழக விவசாயிகள் விதைக்கும் 'அர்க்கா அனாமிகா' வெண்டைக்குப் பிறந்த வீடு. பெயரின் முன்பாதி, பக்கத்தில் ஓடும் அல்லது ஒரு காலத்தில் ஓடிய அர்க்காவதி ஆற்றிலிருந்து வந்தது. 1990இல் புரோதிமா பேடி தொடங்கிய நிருத்யகிராமம் என்ற நடன கிராமமும் இதே ஊரில்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வரும் பெங்களூர்வாசிகள் ஒடிசி பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். புவனேஸ்வரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் (சிஃபா) மண்டல மையம் இந்த ஊரில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மீன் பார்க்க யார் இவ்வளவு தூரம் வருவார்கள்?

ஊரின் ஏரியே ஒரு சரித்திரம். 1894இல், சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்த காலத்தில், அர்க்காவதியை மறித்துக் கட்டப்பட்டது. பெங்களூருக்குக் குழாயில் குடிநீர் வந்தது அப்போதிருந்துதான். அதுவரை நகரம் தன் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்தது. 1930களில் ஹெசரகட்டா போதவில்லை. அதே ஆற்றில் இன்னும் கீழே திப்பகொண்டனஹள்ளியில் மற்றொரு அணை. அதுவும் போதாமல் 1974இல் காவிரி. சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் வைத்து ஏற்றிய தண்ணீர். 2024 அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கிவிட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக. ஹெசரகட்டா ஏரி பல வருஷங்கள் தண்ணீரைவிடப் புல்லையே அதிகம் பார்த்தது.

இதில் மீனுக்கு என்ன சம்பந்தம்? தீபகற்பத்து ஆற்று மீன்கள் பல, மழைக்காலத்தில் புதுவெள்ளத்துக்கு எதிரேறிப் போய்தான் முட்டையிடும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை; ஆடி மாதத்துச் செந்நீரில் மதகோரம் துள்ளி ஏறும் கெண்டையைக் கூடை வைத்துப் பிடித்திருப்பார்கள். ஆற்றின் குறுக்கே சுவர் எழும்பினால் ஏறும் வழி அடைபடுகிறது. தமிழர்களுக்கு இது பழைய கதை. கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிவந்த உல்லம் மீன் (வங்காளிகளின் ஹில்சா) கீழணைக்கு அடியில் வந்து முட்டி நிற்பதைப் பார்த்து, சென்னை மாகாணத்தின் மீன்வள நிபுணர் எச்.சி.வில்சன் 1909 வாக்கிலேயே அதன் முட்டையைக் கையால் பிழிந்து பொரிக்க வைத்துப் பார்த்தார். அந்த மீனின் செயற்கை இனப்பெருக்கத்துக்கு நடந்த முதல் முயற்சி அதுதான். 1934இல் மேட்டூர் அணை வந்தது. காவிரியில் உல்லம் ஏறுவது மெல்ல மெல்ல நினைவாகிப் போனது.

கையால் பிழிவதற்கு முதலில் மீன் முற்றியிருக்க வேண்டுமே. ஆற்று மீனைக் குளத்தில் அடைத்தால் சினை பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. புதுவெள்ளம் என்ற செய்தி அதன் மூளைக்கு வந்து சேர்வதில்லை. அந்தச் செய்தியை ஊசியில் அனுப்பலாம் என்று காட்டியவர் ஹீராலால் சௌத்ரி. ஒடிசாவின் அங்குல் பண்ணையில் 1957 ஜூலை 10 அன்று, வேறு மீனின் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அரைத்துச் செலுத்திக் குளத்து மீனை முட்டையிட வைத்தார். இன்றும் அந்த நாள்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம். அதன்பின் மீன் சந்தைகளில் வெட்டிய தலைகளுக்குத் திடீர் மவுசு. சுரப்பியைத் தோண்டியெடுத்து ஆல்கஹாலில் போட்டு வைக்கும் ஒரு குடிசைத் தொழிலே உருவானது. 1980களின் கடைசியில் 'ஓவாப்ரிம்' என்ற தயார்நிலை ஹார்மோன் மருந்து வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. அந்த மருந்தை இந்தியக் கெண்டைகளில் பரிசோதித்தவர்களில் முக்கியமானவர் மங்களூர் மீன்வளக் கல்லூரியின் எம்.சி.நந்தீஷா, பிற்பாடு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் டீனாக இருந்தவர். பெண்மீனுக்குக் கிலோவுக்கு அரை மில்லிலிட்டர், ஆணுக்கு அதில் பாதி. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தொட்டி முழுக்க முட்டை.

ஹெசரகட்டா மையம் இந்த ஊசியை, மற்றவர்கள் கண்டுகொள்ளாத தென்னாட்டு மீன்களிடம் கொண்டுபோனது. அவற்றில் ஒன்று, கன்னடத்தில் ஹரகி என்று சொல்லப்படும் பெரிய கெண்டை. 1970களில் துங்கபத்திரா நீர்த்தேக்கத்தில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நீர்ப்பாசியையும் புல்லையும் மேய்கிற மீன். வெளிநாட்டிலிருந்து புல்கெண்டையைத் தருவித்த ஒரு நாட்டில், சொந்தப் புல்கெண்டை ஒன்று வீட்டுக் கொல்லையிலேயே அழிந்துகொண்டிருந்தது என்பது வேடிக்கைதான். சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இன்று அது 'மிக அபாய நிலை'. 2010களில் ஹெசரகட்டா விஞ்ஞானிகள் மிச்சமிருந்த மீன்களைச் சேகரித்து, குளத்தில் வைத்துத் தேற்றி, ஊசி போட்டு முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தார்கள். ஒரு இனத்தின் வாரிசுப் பிரச்சினைக்கு ஏரிக்கரையில் ஒரு பதில் கிடைத்தது.

ஆனால் இந்த மாதிரி வேலையில் வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு. ஆற்றில் பிடித்த மீன் அடிபட்டு, பயந்து, செதில் உதிர்ந்து வந்து சேரும். குளத்தில் விட்டால் சாப்பிட மறுக்கும். நாளடைவில் தேறும்; உடம்பு பளபளக்கும். பார்த்தால் அடுத்த மழைக்கு நிச்சயம் தாய்மை என்று தோன்றும். தோற்றம் ஏமாற்றும். பருத்த வயிற்றில் இருப்பது வெறும் கொழுப்பாக இருக்கலாம். முதிர ஆரம்பித்த முட்டைகளை, அதிர்ச்சி தாங்காமல் மீன் தானே உறிஞ்சி ஜீரணித்துவிட்டிருக்கலாம். இப்படிப்பட்ட மீனுக்கு ஊசி போட்டால் முட்டையும் வராது. பல சமயம் மீனும் பிழைக்காது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பதில் உறுதி; ஆனால் கேள்வி கேட்கப்பட்ட மீன் இருக்காது. மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சில முட்டைகளை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. அதற்கு முட்டை ஓரளவு பெருத்திருக்க வேண்டும். அதாவது பருவம் நெருங்கிய பிறகுதான் தெரியும். நான்கைந்து மாதம் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

மீனின் ரத்தம் எடுப்பது மனிதனுக்கு எடுப்பதைவிடச் சிரமமில்லை. கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயங்க வைத்து, வால் பக்கம் முதுகெலும்புக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாயில் ஊசியைச் செருகினால் ஒரு கிலோ மீனிலிருந்து அரை மில்லிலிட்டர் தாராளமாக எடுக்கலாம். மீன் சில நிமிடங்களில் விழித்து நீந்தப் போய்விடும். அந்தத் துளியில் தேடப்படும் முதல் சாட்சி விட்டெல்லோஜெனின் என்ற புரதம். மஞ்சள் கருவுக்கான கச்சாப் பொருள். ஆச்சரியம் என்னவென்றால் அதைத் தயாரிப்பது சினைப்பை அல்ல, கல்லீரல். சினைப்பை எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனைச் சுரந்து, "சரக்கு அனுப்பு" என்று உத்தரவிடும்; கல்லீரல் புரதத்தை உருவாக்கி ரத்தத்தில் ஏற்றிவிடும்; முட்டைகள் வழியில் அதைப் பிடித்து உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஆகவே உத்தரவையும் சரக்கையும் ரத்தத்தில் அளந்தால், கிடங்கைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லலாம்.

இந்தச் சரக்கு சுண்ணாம்புச் சத்தையும் சுமந்து செல்வதால், முட்டை வளரும் காலத்தில் பெண்மீனின் ரத்தத்தில் கால்சியம் எகிறும். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய மலிவான பரிசோதனை அது. எஸ்ட்ரடயாலும் அப்படியே, மனுஷிக்கும் மீனுக்கும் அது அச்சு அசலாக ஒரே மூலக்கூறு. பெங்களூரில் தெருவுக்கு இரண்டு மூன்று ரத்தப் பரிசோதனைக் கூடங்கள். குழந்தைப்பேறு வேண்டி வரும் பெண்களுக்கு அங்கே பயன்படுத்தும் அதே எலைசா முறையை மீனுக்கும் பயன்படுத்தலாம். விட்டெல்லோஜெனின் மட்டும் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் தனிக் கருவி தேவை.

வலசை மீன்களில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஹெசரகட்டாவிலிருந்து பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியாவின் கிளை நதியான யாகிமாவின் கரையில் பிராஸர் என்ற சிற்றூர். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிரேறி வந்து முட்டையிடும் ஸ்டீல்ஹெட் என்ற டிரவுட் மீன், சால்மன்களைப் போல உடனே செத்துவிடாது; எலும்பும் தோலுமாகக் கடலுக்குத் திரும்பப் பார்க்கும். வழியில் அணைகள். திரும்பிப் போய்ச் சேர்வது சொற்பம். யாகமா பழங்குடி மக்களின் மீன்வளத் துறை 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த மெலிந்த தாய்மீன்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, ஒட்டுண்ணிகளுக்கு மருந்து கொடுத்து, கிரில் எனும் கூனிப்பொடி ஊட்டித் தேற்ற ஆரம்பித்தது. பிரசவித்தவளுக்குப் பத்தியம் வைப்பது போலத்தான். சில மாதங்களில் மீன்கள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. ஆனால் அவற்றில் பாதி அடுத்த பருவத்தில் முட்டையிடத் தயாராகும். மீதி ஒரு வருஷம் சும்மா இருந்துவிடும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

ஐடஹோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த மீன்களின் ரத்தத்தை அளந்தபோது கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. இலையுதிர் காலம் தொடங்கும்போதே ஒரு சாராரிடம் எஸ்ட்ரடயாலும் விட்டெல்லோஜெனினும் மலைபோல் ஏறியிருந்தன. மற்றவற்றில் அடிமட்டத்தில் கிடந்தன. நடுவில் மழுப்பலான பேர்வழிகள் அதிகமில்லை. முட்டையிடப் போகும் மீனை ஆற்றில் விடலாம். மற்றதை இன்னொரு வருஷம் வைத்துச் சோறு போடலாம். யாரை விடுவது, யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவு பல மாதங்கள் முன்னதாகவே கைக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் இதற்கு நெருக்கமான வேலை நைனிடால் மாவட்டத்து பீம்தாலில் நடந்தது. குளிர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இமாலயத்துப் பொன் மஹ்சீரைச் சிறையிலேயே முதிர வைத்ததாக 2018இல் அறிவித்தபோது, தண்ணீரின் வெப்பத்தையும் வெளிச்ச நேரத்தையும் மாற்றியதோடு, ரத்தத்தில் பாலின ஹார்மோன்கள் ஏறியதையும் பின்தொடர்ந்திருந்தார்கள்.

மஹ்சீர் என்றதும் பெங்களூரின் நினைவு ஹெசரகட்டாவை விட்டுத் தெற்கே திரும்பும். நகரிலிருந்து கனகபுரா சாலையில் 90 கி.மீ.க்குச் சற்று அதிகம் போனால் சங்கமம். அர்க்காவதி காவிரியில் கலக்குமிடம். கொஞ்சம் கீழே ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு ஒடுங்குவதாகச் சொல்லப்படும் மேகதாது. மேலே பீமேஸ்வரி, கலிபோரே. பாறைகளுக்கிடையே ஆழமான மடுக்கள். கோடையில் ஆறு சுருங்கும்போது பெரிய மீன்கள் இந்த மடுக்களில்தான் ஒண்டிக்கொள்ளும். திமிலுள்ள மஹ்சீர் இங்கேதான் அரசாண்டது. 1946இல் மைசூரின் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் தூண்டிலில் பிடித்தது 120 ராத்தல், அதாவது 54 கிலோ. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் 1972இல் தொடங்கி, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, வெடி வைத்து மீன் பிடித்தவர்களையே காவலாட்களாக்கிப் பாதுகாத்தது. பிடித்து, எடை போட்டு, திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. வெள்ளைக்காரர்கள் விமானமேறி வந்து இதற்குப் பணம் கட்டினார்கள்.

அந்த எடைப் பதிவேடுகள்தான் பின்னாளில் குட்டை உடைத்தன. 1998 முதல் 2012 வரை கலிபோரே முகாமில் பிடித்து விட்ட 6,161 மஹ்சீர்களின் குறிப்பை இங்கிலாந்தின் ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் ராபர்ட் பிரிட்டனும் ஆராய்ந்தார்கள். மீன் எண்ணிக்கை கூடியிருந்தது. காவலுக்கு வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹ்சீர். திமிலுள்ளது வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து காணாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. நீலத்துடுப்பு இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் 1970களிலிருந்து குஞ்சு பொரிக்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு நாட்டின் பல நதிகளுக்கும் அனுப்பப்பட்ட மீன் அது. லோனாவாலா பண்ணை தன் மீனைக் காப்பாற்றியது உண்மை; நீலத்துடுப்பு இன்று அபாயப் பட்டியலில் இல்லை. காவிரியின் சொந்த மீன்தான் இடம் இழந்தது. அதற்கு 2018வரை முறையான விஞ்ஞானப் பெயர்கூட இல்லை. அந்த வருஷம்தான், கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு ஏற்கெனவே வைத்திருந்த 'டோர் ரெமாதேவி' என்ற பெயர் இந்த ராட்சத மீனுக்கும் உரியது என்று தெரிந்தது. விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையத்தைச் சேர்ந்த ரெமா தேவியின் பெயர். பாம்பாறு அமராவதி வழியாகக் காவிரிக்கு வருவதுதான். பெயர் வந்த கையோடு 'மிக அபாய நிலை' பட்டமும் வந்தது.

இந்த மீனைக் காப்பாற்ற ஒரே வழி மிச்சமிருப்பவற்றைப் பிடித்து வைத்துக் குஞ்சு பொரிப்பதுதான் என்று வைத்துக்கொண்டால், ஹெசரகட்டாக் கேள்வி முழு உக்கிரத்தோடு திரும்பி வருகிறது. மஹ்சீர் கிலோவுக்குச் சில ஆயிரம் முட்டைதான் போடும். அதையும் ஒரே மூச்சில் போடாது. தவணை முறையில் போடும். ஆகவே ரத்தத்தில் விட்டெல்லோஜெனின் நீண்ட காலம் உயர்ந்தே நிற்கும். சரக்கு வந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். முதல் தவணை எப்போது என்று தெரியாது. எஸ்ட்ரடயாலிலும் ஒரு சூது உண்டு. முட்டை வளரும்வரை ஏறும். முற்றிய கணத்தில் சரிந்துவிடும், வேறொரு ஹார்மோன் பொறுப்பேற்கும். குறைந்த எஸ்ட்ரடயால் என்றால் "எல்லாம் தயார்" என்றும் பொருள், "எதுவும் தொடங்கவில்லை" என்றும் பொருள். கூடவே புரதத்தையும் பார்த்தால்தான் எது என்று புரியும். ஒரு முறை குத்தினால் போதாது. சில வாரம் விட்டு மறுபடி குத்த வேண்டும். ஒவ்வொரு குத்தும் மீனுக்கு ஒரு அதிர்ச்சி. வலையில் சிக்கிய சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் பொங்கும். பதற்றம் நீடித்தால் பாலின ஹார்மோன்கள் படுத்துவிடும். அடிக்கடி நாள் பார்த்தால் கல்யாணமே நின்றுபோகும் ஆபத்து.

சங்கமத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. இதை எழுப்பியவர்கள் பெங்களூர்க்காரர்கள் அல்ல, இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள். கழிவுநீர்க் குட்டைகளில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத மீன்கள் அகப்படுகின்றன என்று அவர்கள் சொன்னதைத் தொடர்ந்து, விஞ்ஞானிகள் சுத்திகரிப்பு நிலையங்களின் வாய்க்கால்களில் கூண்டு கட்டி ஆண் டிரவுட்களை விட்டார்கள். 1994இல் வெளியான முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது: ஆண்மீன்களின் ரத்தத்தில் விட்டெல்லோஜெனின். ஆணின் கல்லீரலுக்கும் அந்தப் புரதத்தைச் செய்யத் தெரியும்; உத்தரவு மட்டும் வருவதில்லை. நகரத்துக் கழிவில் கரைந்திருந்த மனுஷிகளின் ஹார்மோனும், கருத்தடை மாத்திரையின் மிச்சமும், சில சோப்பு ரசாயனங்களும் அந்த உத்தரவைப் போட்டுவிட்டன. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறு ஏரியில் 2001 முதல் மூன்று வருஷம், லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் என்ற துளியூண்டு அளவில் மாத்திரை ஹார்மோனைக் கலந்து பார்த்தபோது, அங்கிருந்த ஒரு சிறு மீனினம் கிட்டத்தட்ட ஒழிந்தே போனது.

பசவனகுடியில் நந்தி கோயிலருகே பிறந்ததாகச் சொல்லப்படும் விருஷபாவதி, பெங்களூரின் மேற்குப் பாதிச் சாக்கடையை வாங்கிக்கொண்டு, கெங்கேரி தாண்டி, பைரமங்கலம் ஏரியில் நுரை தள்ளி, கனகபுரா அருகே அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் சேர்கிறது. நகரம் காவிரியைக் குழாயில் மேலே இழுத்து, பயன்படுத்தி, பழைய ஆற்றின் வழியே அதே காவிரிக்குத் திருப்பி அனுப்புகிறது. திமில் மஹ்சீரின் மடுக்கள் இருக்கும் அதே இடத்துக்கு. அங்கிருந்து ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு.

ஆகவே சங்கமத்துக்குக் கீழே பிடித்த பெண்மீனின் ரத்தத்தில் மஞ்சள்கருப் புரதம் மிகுந்திருந்தால், அது சினைப்பையின் உத்தரவா, சாக்கடையின் உத்தரவா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். அதே மடுவில் பிடித்த ஆண்மீனின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வழக்கு தீரும். ஆணிடம் ஒன்றுமில்லை என்றால் பெண் சொல்வது உண்மை. ஆணிடமும் இருந்தால் இரண்டு மீன்களையும் சில மாதம் சுத்தமான தொட்டியில் வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மீனின் தாய்மையை முன்கூட்டிச் சொல்லக் கண்டுபிடித்த கருவி, ஆற்றின் உடல்நிலையையும் சேர்த்துச் சொல்கிறது. கேட்டவர்கள் மீனைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ரத்தம் சொல்லாததும் உண்டு. முட்டை முற்றும் என்று சொல்லும். பொரிக்கும் என்று சொல்லாது. குஞ்சுகள் எந்தத் தண்ணீருக்குப் போகும் என்று சொல்லாது. மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் போட்டிருக்கும் திட்டத்தில், பெங்களூருக்குக் கூடுதல் குடிநீர் 4.75 டி.எம்.சி. தமிழகத்தின் எதிர்ப்பு தண்ணீர்க் கணக்கைப் பற்றியது. கர்நாடகத்தின் வாதமும் அதைப் பற்றியதே. அணை வந்தால் சங்கமமும் சுற்றியுள்ள காவிரிச் சரணாலயத்தின் ஒரு பகுதியும் தேங்கிய நீருக்கடியில் போகும். ஓடும் நீரில் கூழாங்கல்லுக்கிடையே முட்டையிடும் மீன் இந்தக் கணக்கில் எந்தத் தரப்பிலும் மனுதாரர் இல்லை. சரணாலயத்தில் தூண்டில் போடுவது நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சட்டப்படி சரிதான், ஆனால் தூண்டிலோடு காவலும் எடைப் பதிவேடும் போய்விட்டன.

என்றாவது ஒரு நாள் அந்த மடுக்களில் திமிலோடு ஒரு பெண்மீன் வலையில் ஏறினால், செய்ய வேண்டியது எல்லாம் தெரிந்த வேலைதான். பரிசலோரம் கிராம்பு எண்ணெய்த் தொட்டி. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தடவிய ஊசி. அரை மில்லிலிட்டர். மீனை நிழலில், ஓடும் நீரில் வைத்து விழிக்க விட வேண்டும். குப்பியை ஐஸ் பெட்டியில் போட்டு, சிவப்பணுக்கள் சிதையும் முன் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்க வேண்டும். சுழற்றும் இயந்திரம் பெங்களூரில் இருக்கிறது. மூன்று மணி நேரம், கனகபுரா சாலையில் நெரிசல் இல்லாவிட்டால்.